‘சி சென்டருக்குப் புரியாது’ என்றொரு பொய்

தமிழ் சினிமாக் கதை விவாதங்களில் எப்படியும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி எழும்: “இது சி சென்டருக்குப் போய்ச் சேருமா?” கேட்பவர் பெரும்பாலும் அனுபவசாலி. கேள்வி விழுந்ததும் அறை அமைதியாகும். அதுவரை ஒரு பார்வையில் முடிந்திருந்த காட்சிக்கு நாலு வரி வசனம் முளைக்கும். நாயகி ஜன்னலைச் சாத்தினாலே போதும் என்றிருந்த இடத்தில், தான் ஏன் ஜன்னலைச் சாத்துகிறேன் என்று அவளே தோழியிடம் விளக்குவாள். அந்த விளக்கத்தை வெட்டிவிடலாமே என்று பின்னால் எடிட்டர் சொன்னால், மறுபடியும் அதே கேள்வி வரும்.

ஏ, பி, சி என்ற பிரிவினை விநியோகத் தொழில் போட்டது. படப்பெட்டி முதலில் பெருநகரங்களுக்கு, பிறகு நடுத்தர ஊர்களுக்கு, ஓடித் தேய்ந்தபின் சிற்றூர்க் கொட்டகைகளுக்கு என்று போன காலத்தின் வியாபாரக் கணக்கு அது. பெட்டி எந்த ஊருக்கு எப்போது போகும், எவ்வளவு வசூல் திரும்பும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இன்றைக்குச் சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம் வெளியாகிறது. பட்டம் மட்டும் நின்றுவிட்டது. எந்த ஊருக்குப் படம் தாமதமாகப் போனதோ அந்த ஊர்க்காரனுக்கு மூளையும் தாமதமாக வேலை செய்யும் என்பதே அதன் இன்றைய பொருள்.

இந்தக் கணக்கில் பண்பொழி கடைசி எழுத்தில் வரும் ஊர். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. குன்றின்மேல் திருமலைக்குமாரசுவாமி கோயில். கீழே வயலும் தோப்பும். மேற்கே மேக்கரையும் அடவிநயினார் அணையும். தென்காசியும் குற்றாலமும் செங்கோட்டையும் சுற்றுவட்டாரம். சினிமாக்காரர்களுக்கு இந்தப் பகுதி அருமையான லொகேஷன். கேமராவுக்கு முன்னால் நிற்கத் தகுதியுள்ள ஊர், திரைக்கு முன்னால் உட்காரத் தகுதியில்லாத ஊர் என்பதுதான் இவர்கள் நமக்குக் கொடுத்திருக்கும் மரியாதை.

‘சி சென்டருக்குப் புரியாது’ என்ற எண்ணம் தனியாக வருவதில்லை. கூடவே இரண்டு துணை நம்பிக்கைகளை அழைத்துவருகிறது. ஒன்று, எடிட்டிங் என்பது எடுத்து முடித்ததை ஒட்டிக் கொடுக்கிற தொழில்நுட்ப வேலை. படத்தின் குரல் வசனத்திலும் நடிப்பிலும்தான் இருக்கிறது. இரண்டு, செல்போன் தலைமுறைக்குப் பொறுமை கிடையாது. ஆகவே நொடிக்கொரு கட் போட்டுக்கொண்டே இரு. மூன்றும் சேர்ந்து யாரை அடிக்கின்றன என்று பாருங்கள். பண்பொழியிலோ வடகரையிலோ அச்சன்புதூரிலோ கையில் ஒரு போனும் மனதில் ஒரு கதையும் வைத்திருக்கிற பிள்ளையைத்தான். தன் குரல் தான் எழுதப்போகும் வசனத்தில் இருக்கிறது என்று அவன் நம்புகிறான். இல்லாவிட்டால் தன்னால் வாங்க முடியாத கேமராவில் இருக்கிறது என்று ஏங்குகிறான். அவனுடைய குரல் கிடைக்கக்கூடிய இடம் செலவே இல்லாதது. எதை எதன் பக்கத்தில் வைப்பது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது, எதைக் காட்டாமலே விடுவது என்ற முடிவுகளில், அதாவது படத்தொகுப்பில், அது இருக்கிறது. இந்த மூன்று நம்பிக்கைகளையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சொல்லாமல் விட்டால் நம் ஊர்க்காரருக்குப் புரியாது என்பது. குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஐந்தாவது இது. இங்கே ஆடுகிற கடவுளே ஒரு ஓவியம். சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். பக்கத்தில் ஆள் நின்று வசனம் சொல்லாமலேயே, தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவர்களைப் படித்துவிட்டுப் போன கூட்டம், இந்த மண்ணின் கூட்டம். எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதில் யார் யாரை வதம் செய்கிறார், யார் யாரை மணக்கிறார் என்று பேரனுக்குச் சொல்லியிருப்பாள்.

சுவரைவிட வலுவான சான்று சுடலைமாடன் கொடையில் இருக்கிறது. நெல்லை, தென்காசிச் சீமைகளில் கொடை என்றால் வில்லுப்பாட்டு மணிக்கணக்கில் சுடலையின் கதையைப் பேசிப் பாடும். கதையில் ஒரு சின்ன விவரம்கூடத் தப்பாது. ஆனால் நடுச்சாமத்தில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். கூட்டம் கோயிலிலேயே காத்திருக்கும். அந்த இரவின் மிகப் பயங்கரமான நிகழ்ச்சி எல்லோர் கண்ணுக்கும் அப்பால் நடக்கிறது. அவர் போவதைப் பார்க்கிறார்கள், திரும்பி வருவதைப் பார்க்கிறார்கள். நடுவில் இருப்பது முழுக்கப் பார்வையாளர் மனதில் ஓடுகிற படம். போவது ஒரு ஷாட், வருவது ஒரு ஷாட், இடையில் ஒரு கட். இந்த ‘கட்’டைப் பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய், உங்களுக்கு எல்லாவற்றையும் வாயால் சொன்னால்தான் விளங்கும் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பேச வேண்டியதைப் பேசி, காட்டக் கூடாததைக் காட்டாமல் விடுகிற வித்தை கோடம்பாக்கத்துக்கு முன்பே இங்கே இருந்தது.

சினிமாவுக்கே வருவோம். ‘தங்கப்பதக்கம்’ படத்துக்கு வசனம் எழுதியவர் மகேந்திரன். சிவாஜி கணேசனின் வாயில் அந்த வசனங்கள் எப்படி முழங்கின என்பது ஊரறிந்தது. அதே மகேந்திரன் 1978-இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தபோது, படத்தில் வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் தரப்பு பதறியதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். படம் முதல் சில நாட்கள் தடுமாறி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்து வென்றது. அந்தச் சொல்லைப் பரப்பியது விமர்சகர் கூட்டம் மட்டுமல்ல. ஊர் ஊராக டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனம். அடுத்த ஆண்டே ‘உதிரிப்பூக்கள்’ வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்த கதை, அசோக்குமார் ஒளிப்பதிவு, பி. லெனின் படத்தொகுப்பு. ஊரே திரண்டு, தன்னைக் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஆற்றுக்கு இழுத்துவருகிறது. அவன் தண்ணீருக்குள் போகிறான். நாம் கடைசியாகப் பார்ப்பது அவனுடைய இரண்டு பிள்ளைகளை. கொடியவன் ஒழிந்தான் என்று கைதட்ட வேண்டிய இடத்தில் தட்ட முடியாமல் கை நின்றுவிடுகிறது. இந்தத் தீர்ப்பு நியாயமா என்ற கேள்வியை எந்தக் கதாபாத்திரமும் நம்மிடம் கேட்பதில்லை. கூட்டத்துக்குப் பிறகு குழந்தைகளை வைத்த வரிசை கேட்கிறது. எழுத்தில் இருந்த கதைக்கு மகேந்திரனின் குரல் ஏறியது இந்த இடத்தில்தான்.

நம் பக்கத்துக்காரர் உதாரணமே வேண்டுமா? மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. நெல்லைச் சட்டக் கல்லூரியும் சுற்றியுள்ள கிராமங்களும்தான் களம். படம் முடிகிற இடத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் நிற்கின்றன. இடையில் ஒரு மல்லிகைப் பூ. நாயகன் பரியனும் அவன் தோழி ஜோவின் அப்பாவும் பேசி முடித்த பேச்சுக்குப் பிறகு இந்த ஷாட் வருவதால், இரட்டைத் தம்ளர் வைத்திருந்த டீக்கடைகளின் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டு தம்ளருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே ஷாட்டைப் படத்தின் தொடக்கத்தில் வைத்திருந்தால் அது வெறும் டீ. தொகுத்தவர் செல்வா ஆர்.கே. அவரே தொகுத்த ‘கர்ண’னில், பேருந்து நிற்காத ஊரின் ஆத்திரம் உடைகிற கட்டத்தை ஒட்டி, முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதையின் கட்டும் அறுகிறது. “நாம் கட்டுண்டு கிடக்கிறோம்” என்று யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. தென்மாவட்டத் தியேட்டர்களில் அந்தக் கழுதைக்கு விழுந்த கைதட்டல், புரியாதவர்கள் தட்டிய கைதட்டலா?

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியானது. பின்னணி இசை கிடையாது. நாயகி படம் முழுக்கப் பேசுவதே அபூர்வம். தியேட்டர்களில் அது நெடுநாள் நிற்கவில்லை. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும் அதற்குக் கிடைத்த பாராட்டின் அளவுக்கு ஓடவில்லை. “பார்த்தீர்களா?” என்கிறார்கள். பார்த்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாய் ஓயாமல் பேசுகிற படங்கள் வந்து அடுத்த வெள்ளிக்கு முன் சுருண்டுவிடுகின்றன. அப்போது எந்தக் கதை விவாதத்திலும் “வசனம் ஜனங்களுக்குப் புரியவில்லை” என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. கதை சரியில்லை, விளம்பரம் போதவில்லை, மழை பெய்துவிட்டது என்று காரணம் தேடுகிறார்கள். மௌனமான படம் தோற்றால் மட்டும் குற்றவாளி மௌனம். மேலும், ‘கொட்டுக்காளி’ வந்த அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது, காட்சிகளை அருகருகே வைத்துப் பேசுகிற படம்தான் அதுவும். அது ஓடியது. இன்னொன்றும் உண்டு. வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. தமிழ்நாட்டு ரசிகருக்கு அது ஒருவழியாகக் கிடைத்தது 2023-இல், ஓடிடியில். காட்டவே காட்டாத படத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று யார்மேல் குறை சொல்வது?

இனி இரண்டாவது நம்பிக்கை: எடிட்டிங் ஒட்டுவேலை, குரல் வசனத்தில். தமிழ் சினிமாவில் வசனத்தின் கொடி எந்தப் படத்தில் பறக்கிறது என்று கேட்டால் குழந்தையும் ‘பராசக்தி’ என்று சொல்லும். 1952-இல் கலைஞர் எழுதிய நீதிமன்றக் காட்சி இன்றுவரை மேடைகளில் ஒலிக்கிறது. அந்தப் படத்தை இயக்கிய கிருஷ்ணன் – பஞ்சு இரட்டையரில் பஞ்சு ஓர் எடிட்டர். ‘பஞ்சாபி’ என்ற பெயரில் படத்தைத் தொகுத்தவரும் அவரே. அந்த வசனம் யார்மேல் விழுகிறது, கேட்பவர் முகம் எப்போது வருகிறது, பேசுகிறவரை விட்டு எப்போது விலகுவது என்று முடிவு செய்தது வெட்டுமேசையில் உட்கார்ந்த அவரது கை. வசனத்தின் கோட்டை என்று நாம் கொண்டாடுவதற்கே அஸ்திவாரம் எடிட்டிங் அறையில் போடப்பட்டிருக்கிறது.

அவரோடு கதை நிற்கவில்லை. கிருஷ்ணன் – பஞ்சுவிடம் உதவி எடிட்டராக இருந்து வளர்ந்தவர்தான் ‘ப’ வரிசைப் படங்களின் இயக்குநர் ஏ. பீம்சிங். எடிட்டராக இருந்து இயக்குநரானவர் கே. சங்கர். ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர் எஸ்.பி. முத்துராமன். ‘உதிரிப்பூக்க’ளைத் தொகுத்த பி. லெனின், பீம்சிங்கின் மகன். தமிழ் வணிக சினிமாவின் நடுத்தூண்களில் எத்தனை பேர் ‘ஒட்டுவேலை’ செய்த அறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சொல்லைப் பயன்படுத்த நாக்கு கூசும். ஒரு நடிகர் ஏழு டேக் கொடுத்திருக்கும்போது ஏழையும் பார்த்து, எது உண்மை, எது பாவனை என்று தினமும் தேர்வு செய்கிறவர், கதை சொல்லுதலின் அடிப்படையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். வேறு எந்தத் துறையிலும் இந்தப் பயிற்சி இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது.

லெனினையே எடுத்துக்கொள்ளுங்கள். வி.டி. விஜயனோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ படங்களில் காட்சி மூச்சுவிடும். அதே இருவர் ‘காதல’னில் ஆட்டத்துக்கு ஈடாகத் துள்ளத் துள்ள வெட்டி, தேசிய விருதும் வாங்கினார்கள். ஆக, இயக்குநரின் குரலுக்குத் தன் கையைக் கொடுக்கத் தெரிந்தவர். ஆனால் அவருக்கென்று ஒரு குரலும் இருந்தது. 1992-இல் ‘நாக் அவுட்’ என்ற குறும்படம் எடுத்து, அறிமுக இயக்குநரின் கதைசாராப் படத்துக்கான தேசிய விருது பெற்றார். 2001-இல் ஜெயகாந்தன் நாவலை வைத்து ‘ஊருக்கு நூறுபேர்’ எடுத்தார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வந்தது. வெட்டுமேசையில் இருந்தவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்றால் இந்த விருதுகள் யாருக்குப் போயின?

“நல்ல எடிட்டிங் என்றால் கண்ணுக்கே தெரியக்கூடாது” என்ற பொன்மொழியை இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதி சரி. கட் தெரியக்கூடாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். வெட்டிய மனிதரே இருக்கக்கூடாது என்று அதை நீட்டுவதுதான் தப்பு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தை நினைத்துப் பாருங்கள். 1988-இல் வந்தது; இயக்கமும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே. பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்கச் சொக்கலிங்க பாகவதர் தனியாக வருகிறார். உள்ளே நடக்கிறார், சுவரைத் தடவுகிறார், அறை அறையாகப் போகிறார். இளையராஜாவின் இசை உண்டு, பேச்சு கிடையாது. கதைக்கு அந்தக் காட்சி இவ்வளவு நீளம் தேவையே இல்லை. “லேக் அடிக்குது சார், பாதியாக்கிடலாம்” என்று எந்த உதவி இயக்குநரும் சொல்லியிருப்பார். பாலு மகேந்திரா வெட்ட மறுத்தார். வாழ்நாள் முழுக்கச் சொந்த வீடில்லாத ஒரு கிழவர் சுவரைத் தொடுகிற நேரம் இவ்வளவுதான் என்று தீர்மானிக்க எந்த இலக்கணமும் கிடையாது. அது ஒருவருடைய சொந்த முடிவு. காட்சியில் எந்த வெட்டும் துருத்திக்கொண்டு தெரியவில்லை. பாலு மகேந்திரா மட்டும் தெரிகிறார்.

மூன்றாவது நம்பிக்கை, வேகம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலைகளைவிட அதிகமாகப் போன்கள் உயர்கின்றன. அன்று மாலையே ரீல்ஸ் வந்துவிடும். ட்ரோனில் மலை, ஸ்லோமோஷனில் அருவி, கூலிங்கிளாஸ் போட்டுத் திரும்புகிற முகம், தவில் அடி விழும்போதெல்லாம் ஒரு கட். எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஆயிரம் பேர் எடுத்ததும் ஒரே ஆள் எடுத்ததுபோல இருக்கிறதே, ஏன்? தாளம் பாட்டினுடையது, டெம்ப்ளேட் செயலியினுடையது. வெட்டும் இடத்தை அவை இரண்டும் தீர்மானித்துவிட்டால், எடுத்தவருக்கு மிச்சம் இருக்கிற வேலை பொத்தானை அமுக்குவது.

உலகம் மதிக்கும் எடிட்டர்களில் ஒருவர் வால்டர் மர்ச். ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்துக்கு எடிட்டிங்கிலும் ஒலியிலும் ஆஸ்கர் வாங்கியவர். ஒரு கட் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அவர் தன் புத்தகத்தில் ஆறு அளவுகோல்கள் வைத்து, நூற்றுக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51. கதைக்கு 23. தாளத்துக்கு 10. மீதி 16-ஐத்தான் கண் ஓட்டமும் திரைத்தளமும் இடத் தொடர்ச்சியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பீட்டுக்கு மட்டும் வெட்டிவிட்டு ‘செம எடிட்’ என்று பெருமைப்படுகிறவர், நூறுக்குப் பத்து மார்க் வாங்கிவிட்டு விழா எடுக்கிறார். வேகம் குற்றம் கிடையாது, ‘காதல’னே சாட்சி. உணர்ச்சி கேட்டால் ஒரு நொடியில் மூன்று கட் போடலாம், கேட்காவிட்டால் ஒரு நிமிஷம் நிற்கலாம். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்பதும் பொய்தான். எட்டு எபிசோட் தொடரை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கிறவர்கள் இதே பிள்ளைகள். சலிப்பைத்தான் அவர்களால் பொறுக்க முடியாது. நிதானத்துக்கும் சலிப்புக்கும் வித்தியாசம் தெரியாதது எடுப்பவரின் குறை.

வேகத்தோடு ஒட்டிய இன்னொரு நோய் இந்த வட்டாரத்துக்கே உரியது: பச்சையாக இருந்தால் போதும் என்ற மயக்கம். ‘ரோஜா’வில் நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம், நம் தென்காசிப் பக்கத்து ஊர். அதே ஊர்ப் பாறையில் ‘அந்நியன்’ பாடலுக்காக நடிகர் முகங்களைத் தீட்டிவிட்டுப் போனார்கள். இன்றும் ஜனம் அங்கே நின்று போட்டோ எடுக்கிறது. பாட்டுக்கு நாம் பின்னணித் திரை. வெளியூர்க்காரர் அப்படி எடுப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வாரம் வந்தவர் கண்ணுக்குப் பச்சைதான் தெரியும். உள்ளூர்ப் பிள்ளையும் அதே கண்ணால் எடுப்பதுதான் கொடுமை. மலை, மேகம், நாற்று, மயில் என்று அடுக்கிவிட்டால் சுற்றுலாத் துறை விளம்பரம் வரும். அங்கே குடியிருக்கிறவனின் குரல் வராது.

எப்படி வரும்? 1920-ஐ ஒட்டி ரஷ்யாவில் லெவ் குலஷோவ் செய்துகாட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. மொசூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்களுக்கோ பசி தெரிந்தது, துக்கம் தெரிந்தது, ஆசை தெரிந்தது. அதைப் பண்பொழிக்குக் கொண்டுவருவோம். மூன்றே ஷாட். மலைமேல் இறங்குகிற சாரல் மேகம். நேற்றுவரை வயலாக இருந்து, இன்று மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நட்டிருக்கிற நிலம். அந்தக் கற்களுக்கு நடுவே மேய்ந்து, ஒரு கல்லில் கழுத்தைச் சொறிந்துகொள்கிற எருமை. மலை, எருமை, கற்கள் என்று வைத்தால் ஓர் ஊர் கைவிட்டுப் போகிற வலி. கற்கள், எருமை, மலை என்று திருப்பினால், ‘இயற்கை எழில் கொஞ்சும் வீட்டுமனைகள்’ என்று முகவர் போட வேண்டிய விளம்பரம். கற்கள், மலை என்று காட்டி, எருமை ஒரு கல்லில் கழுத்தைச் சொறிந்துகொள்வதில் முடித்து, அங்கே இரண்டு நொடி கூடுதலாக நின்றால், தியேட்டர் சிரிக்கும். பத்திரம் பதிந்தவருக்கு அது பிளாட். எருமைக்கு அது கழுத்து சொறியும் கல். ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்தது ஒரே மாதிரி, வைத்தது மூன்று மாதிரி, பேசியது மூன்று வேறு மனிதர்கள். இந்த மூவரில் யார் நீங்கள் என்று முடிவு செய்கிற இடத்தில் உங்கள் குரல் பிறக்கிறது. இதற்கு லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் முடிவு இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. நிலம் வாங்க வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்த ரங்கசாமி, கடைசியில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போகப் போக, சுற்றிலும் சுழலும் இறக்கைகள். கயத்தாறிலும் சுரண்டைப் பக்கத்திலும் காற்றாலைகளைத் தினம் பார்க்கிற நமக்கு அந்த முடிவை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. படம் முழுக்க அவன் அந்த மலையை நடந்தே கடந்ததை நிதானமாகக் காட்டிவிட்டு இதை வைத்ததால்தான் அது இப்படித் தைக்கிறது.

மறுபக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக்கே ஒருவர் குறும்படத்தில் காரணமில்லாமல் ஒரு கூண்டுக் கிளியைத் தொங்கவிடுவார். ‘பரியேறும் பெருமா’ளுக்குப் பிறகு குறியீடு ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. நாய், பன்றி, பட்டாம்பூச்சி, உடைந்த கண்ணாடி என்று கதையில் காலூன்றாத பொருள்கள் திரையில் குவிகின்றன. கதைக்குள் ஒரு வேலையும் இல்லாமல், ‘இதற்கு அர்த்தம் இது’ என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிற பொருள் வசனத்தைவிட மோசம். வசனத்தையாவது மறுத்துப் பேசலாம். ‘கூழாங்கல்’லில் சிறுவன் கையில் வைத்திருக்கும் கண்ணாடித் துண்டு முதலில் அவனுடைய விளையாட்டுப் பொருள், வெயிலில் நடக்கிறவனின் துணை. பிறகுதான் மற்றதெல்லாம். கழுதை முதலில் கழுதையாக இருக்க வேண்டும். பார்வையாளரை முட்டாள் என்று நினைத்து எல்லாவற்றையும் பேசுகிறவரும், மேதை என்று நினைத்துப் புதிர் போடுகிறவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: இரண்டு பேருமே எதிரில் இருக்கிற மனிதரைப் பார்க்கவில்லை.

ஆகவே தென்காசிச் சீமையில் படம் எடுக்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. எடுத்ததை முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். கதை பிடிபடாத இடத்தில் வசனம் சேர்க்காதீர்கள், ஷாட்டின் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் கடைசி வசனத்தை ஒருமுறை வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள் பயத்தில் எழுதியதாக இருக்கும். பாட்டின் பீட்டை மறந்துவிட்டு, முகத்தில் நினைப்பு மாறுகிற நொடியில் வெட்டுங்கள். அதை உங்கள் ஊர் டீக்கடைக்காரருக்கும் உங்கள் ஆத்தாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பாருங்கள். “இது சி சென்டருக்குப் புரியாது” என்று யாராவது சொன்னால், சொன்னவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அதே கூட்டத்தின் நடுவில் உட்கார வையுங்கள். சுடலை வேட்டைக்குப் போன திசையைப் பார்த்துக்கொண்டு பாதி ராத்திரி காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குப் பொழிப்புரை வேண்டியதில்லை. அது தேவைப்படுவது, அவர்களை ஒருநாளும் நேரில் பார்த்திராமல் அவர்களுக்காக வசனம் எழுதுகிறவர்களுக்குத்தான்.